மாத்திரையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: நாய்க்கு மருந்து கொடுக்க முடியவில்லை. 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்தவள் ஆயிற்றே, இவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் எங்கள் வீட்டு அலமாரியை நகர்த்திப் பெருக்கியபோது ஒன்பது மாத்திரைகள் கிடைத்தன. எல்லாம் எங்கள் நாய் மணிக்கு நானே என் கையால் கொடுத்து, விழுங்கிவிட்டான் என்று குறித்தும் வைத்தவை. அந்த லட்சணத்தில்தான் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது. தோல் நோய்க்காக இரண்டு வேளை மாத்திரை. வாயில் போட்டால் விழுங்கியதுபோல் பாவனை காட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுகிறது. சாப்பாட்டில் கலந்தால் சாப்பாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தட்டில் விட்டுப் போகிறது. என்ன செய்வது டாக்டர் அம்மா?

பதில்: நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் 1,700 அளவில்தான் இருக்கின்றன. நமக்கு 9,000 போல. அதனால் உங்களைப் பிடித்துக்கொடுப்பது நாக்கு அல்ல, காதும் மூக்கும்தான். நீங்கள் அட்டையைக் கிழிக்கும் சத்தத்திலேயே பாதி விஷயம் அதற்குத் தெரிந்துவிடும். மாத்திரை தொட்ட அதே விரலால் தின்பண்டத்தை உருட்டினால் மீதியும் தெரிந்துவிடும். ஆகவே முதல் வேலை, மருந்தை வேறு அறையில், நாய் பார்க்காதபோது எடுத்து வையுங்கள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

மூன்று உருண்டை செய்துகொள்ளுங்கள். மெத்தென்று பிசையக்கூடிய, மணமான எதுவும் சரி. வேகவைத்த கோழியை மசித்தாலும் போதும். ஒவ்வொன்றும் மெல்ல வேண்டாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். முதல் உருண்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மாத்திரை. சூட்சுமம் மூன்றாவதில். இரண்டாவதைக் கொடுக்கும்போதே மூன்றாவது உங்கள் மறு கையில், நாயின் மூக்குக்கு எதிரே தெரிய வேண்டும். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் இரண்டாவதை ஆராயாமல் விழுங்கிவிடும். மருந்து இல்லாத நாட்களிலும் இந்த மூன்று உருண்டை விளையாட்டை நடத்துங்கள். மாத்திரை வரும் நாளில் மட்டும் நடத்தினால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. டாக்ஸிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பாலிலும் சீஸிலும் வைத்துக் கொடுக்கக் கூடாது. அவற்றிலுள்ள கால்சியம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நாய் ஆசையாகத் தின்னும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். அடுத்து, நிலக்கடலை வெண்ணெயில் வைத்துக் கொடுப்பவர்கள் புட்டியின் முதுகைப் படித்துவிட்டுக் கொடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்தவை உண்டு. நமக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சர்க்கரை, நாய்க்கு அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடலாம். கல்லீரலையும் கெடுக்கும்.

எந்த உருண்டைக்கும் மசியாத நாய்க்குத்தான் வாயைத் திறப்பது. ஒரு கையால் மேல் தாடையைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் பிடித்து, மறு கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். மாத்திரையை நாக்கின் நுனியிலோ ஓரத்திலோ போட்டால் துப்பத்தான் செய்யும். நாக்கின் நட்டநடுவில், எவ்வளவு பின்னால் முடியுமோ அங்கே வையுங்கள். வாயை மூடியபின் முகத்தை வானத்தைப் பார்க்க நிமிர்த்தாதீர்கள், விழுங்குவது கஷ்டம். நேராகவே இருக்கட்டும். நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படி நக்குவதைப் பார்க்காமல் நகராதீர்கள். என் ஒன்பது மாத்திரைகளும் அதைப் பார்க்காமல் நகர்ந்ததற்குக் கிடைத்த பரிசு.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? பொடித்துக் கலந்துவிடலாமே?

பதில்: சில மாத்திரைகளைப் பொடிக்கலாம், சிலவற்றைக் கூடவே கூடாது. மேலே பூச்சு இருப்பதற்குக் காரணம் இருக்கும்: வயிற்று அமிலம் கெடுக்காமல் குடலுக்குப் போய்ச் சேரவோ, பன்னிரண்டு மணி நேரம் சிறிது சிறிதாகக் கரையவோ. அதை உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். இன்னொன்று, பூச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் படு கசப்பு. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கைப் பொடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாய் வாயெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு உங்களைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். தட்டில் பாதி மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? கசப்புதான் பிரச்சினை என்றால் வெற்று கேப்ஸ்யூல் கூடு கிடைக்கும். அதற்குள் போட்டுக் கொடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நேற்று எங்கள் நாயின் மூக்கு காய்ந்து, உடம்பு சூடாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருந்த பாராசிட்டமாலில் அரை மாத்திரை கொடுக்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. அவசரத்துக்கு இதுகளுக்கு எது கொடுக்கலாம்?

பதில்: யோசித்ததோடு நிறுத்தினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

மூக்கை வைத்துக் காய்ச்சல் பார்க்க முடியாது. தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் இருக்கும். தொட்டால் சூடு என்பதும் நம்ப முடியாத கணக்கு, ஏனென்றால் நாயின் சாதாரண வெப்பநிலையே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 37 டிகிரி உடம்புள்ள நாம் தொட்டால் எந்த நாயும் சூடாகத்தான் இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி, நுனியில் வழுக்கும் களிம்பு தடவி, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். அது ஒன்றுதான் கணக்கு.

இப்போது பாராசிட்டமால். பூனைக்கு அது விஷம். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நம் கல்லீரல் அந்த மருந்தைச் செயலிழக்க வைக்கும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய கிடையாது. தேங்கும் மருந்து ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சிரைக்கும். ஒரே மாத்திரையில் பூனை செத்துப்போகும். என் மேசையில் அப்படி ஒரு பூனை கிடந்திருக்கிறது. கொண்டுவந்தவர் அன்பே உருவான மனிதர். "குழந்தைக்குக் கொடுப்பதுதானே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நாய்க்கும் அளவு மீறினால் பாராசிட்டமால் கல்லீரலைப் பதம் பார்க்கும். நாம் போடும் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் அதைவிட மோசம், வயிற்றில் புண், அப்புறம் சிறுநீரகம். நாய்க்கென்று தனியாக வலி மருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து எழுதுவார்கள். பூனையும் இருக்கும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதில் மிச்சத்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். தடவிய நாயைக் கட்டிக்கொண்டு பூனை தூங்குவதும் ஆபத்து. நடுக்கமும் வலிப்பும் வரும்.

தவறுதலாகத் தின்றுவிட்டால் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் ஓடுங்கள். எத்தனை போயிருக்கும், எத்தனை மணிக்கு என்பது இரண்டும் அவருக்கு முக்கியம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம், அந்த உப்பே தனி விஷமாகிவிடும்.

கேள்வி: பக்கத்து வீட்டு நாய்க்குச் சொறிக்கு ஐவர்மெக்டின் கொடுத்து நன்றாகக் கேட்டது. எங்களுடையது கோலி இனம். அதே அளவு போதுமா?

பதில்: கொடுக்காதீர்கள். கோலியிலும் அதன் சொந்தபந்த இனங்களிலும் பல நாய்களுக்கு ஒரு மரபணுவில் பழுது உண்டு. மூளைக்குள் மருந்து நுழையாமல் வெளியே தள்ளும் காவல் அவற்றுக்கு வேலை செய்யாது. சொறிக்குக் கொடுக்கும் அளவில் ஐவர்மெக்டின் போனால் தள்ளாட்டம், கண் தெரியாமல் போவது, மயக்கம் என்று முற்றி உயிருக்கே உலை வைக்கும். 2001-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பழுதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அதற்குப் பரிசோதனையே இருக்கிறது. மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபராமைடும் இந்த நாய்களுக்கு ஆகாது. பக்கத்து வீட்டிலிருந்து வேறு எதை வேண்டுமானாலும் கடன் வாங்குங்கள், மருந்தை வேண்டாம்.

கேள்வி: மேடம், இந்தப் பகுதியில் எப்போதும் நாய் புராணம்தான். பூனைக்கு மாத்திரை கொடுப்பது எப்படி என்று ஒரு தடவையாவது எழுதுவீர்களா?

பதில்: என் கையிலுள்ள தழும்புகளில் மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் தந்தவை. மறக்கவில்லை.

பூனையைப் பெரிய துண்டில் தலை மட்டும் வெளியே தெரிய இறுக்கமாகச் சுற்றி, மேசைமேல் உட்கார வைத்து, பின்னாலிருந்து கொடுங்கள். எதிரே நின்றால் அது சண்டைக்கு அழைப்பு. மாத்திரை போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடும். டாக்ஸிசைக்ளினாக இருந்தால் அங்கேயே புண்ணாக்கி, ஆறும்போது குழாயைச் சுருக்கிவிடும். தினசரி உணவில் மருந்தைக் கலந்து ஏமாற்றவும் வேண்டாம். ஒரு தடவை கசந்தால் அந்த உணவையே ஒதுக்கிவிடும், பிடிவாதத்தில் பூனையை மிஞ்ச முடியாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி வேறு வியாதி வந்துவிடும். சரி, புராணத்துக்குத் திரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வலிப்பு. ஃபினோபார்பிடோன் ஆரம்பித்து நாலு மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை. நிறுத்திவிடலாமா? எப்போதாவது ஒரு வேளை மறந்துவிட்டால்?

பதில்: வலிப்பு வராததற்குக் காரணமே அந்த மாத்திரைதான். திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்தது மொத்தமாகத் திரும்பி வரும். குறைப்பதானாலும் மருத்துவர் ரத்தம் பார்த்து, படிப்படியாகத்தான். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். பன்னிரண்டு மணி நேர இடைவெளி முக்கியம், கைபேசியில் மணி வையுங்கள். பசியும் தாகமும் கூடியிருக்கும், அது மருந்தின் வேலை.

வலிப்பு வந்தால் வாய்க்குள் கையையோ வேறு எதையுமோ விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, ஆனால் உங்கள் விரலைக் கடித்துவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ உடனே மருத்துவமனை.

கேள்வி: எங்கள் நாய்க்கு 12 வயது. இதயத்துக்கு மூன்று மாத்திரை, மூட்டுக்கு ஒன்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து. முன்பெல்லாம் நான் உட்கார்ந்தால் என் பாதத்தில் தாடையை வைத்துப் படுக்கும். இப்போது நான் எழுந்து நின்றாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. என் கணவரிடம் போகிறது, என்னிடம் வருவதில்லை. மருந்து கொடுப்பவள் நான் ஒருத்திதான். இருக்கும் கொஞ்ச காலத்தை இப்படியா கழிப்பது என்று அழுகை வருகிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் நாய்க்கு உங்கள்மேல் கோபம் இல்லை. உங்களைப் பற்றி அது ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. ஒரு நாளில் நீங்கள் அதைத் தேடிப் போகும் நேரங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தில் நாலு மருந்துக்காகத்தான் இருக்கும். கணக்கு சரிதானே?

கணக்கை மாற்றலாம். முதலில், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து மருந்து கொடுப்பதை இன்றோடு விடுங்கள். அந்த இடமும் அதன் படுக்கையும் மருந்து வராத இடங்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு மருந்து கொடுப்பதும் வேண்டாம், பெயர் கெட்டுப்போகும். மருந்துக்கென்று ஒரு துண்டு, ஒரு மூலை. நான் மணிக்குப் பச்சைத் துண்டு வைத்திருக்கிறேன். துண்டை மடித்து நாற்காலிமேல் வைத்தால் அவன் வந்து தாடையை அதன்மேல் வைப்பான். வைத்தால்தான் தொடங்குவேன். தலையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன். பாதிச் சொட்டில் நிறுத்தியதும் உண்டு. முதல் பத்து நாள் துண்டு மட்டும்தான், மருந்து கிடையாது. தாடையை வைத்தால் ஒரு தின்பண்டம், அவ்வளவே. அந்தப் பத்து நாளும் மாத்திரைகளை உருண்டையில் என் கணவர் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் அவர் கொஞ்சம் கெட்ட பெயர் வாங்கட்டுமே!

கண் சொட்டு விடும்போது எதிரே குனியாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து மேலே இருந்து விடுங்கள். புட்டி வருவதையே அது பார்க்காது. இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி, இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எதை மென்று தின்னும் வகையாகவோ திரவமாகவோ மாற்றலாம்? எவற்றை ஒரே நேரத்தில் கொடுக்கலாம்? ஐந்து தடவை இரண்டு தடவையாகக் குறைந்தால் அதுவே பெரிய விடுதலை. எழுதிக் கொடுத்தவர் வீட்டு நடைமுறையை யோசித்திருக்க மாட்டார். நானும் பல வருடம் யோசித்ததில்லை, கூச்சமில்லாமல் சொல்கிறேன். இதய மருந்தில் சிலவற்றை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை இருந்தால் இரவு வேளையை எத்தனை மணிக்கு வைக்கலாம் என்றும் கேளுங்கள், இருவரும் நடு இரவில் எழ வேண்டாம். அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதே என்று தண்ணீரை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள்.

அப்புறம், மருந்துக்கு வெளியே உள்ள பொழுது. அதை நீங்களே நடத்துங்கள், கணவரிடம் விடாதீர்கள். கிழ நாய்க்குக் கண்ணும் காதும் மங்கினாலும் மூக்கு கடைசிவரை துணை நிற்கும். நடைக்குக் கூட்டிப் போனால் தூரத்தை மறந்துவிடுங்கள். மணிக்கு இப்போது 13 வயது. எங்கள் காலை நடை மொத்தமே நூறடி. அதற்கு அரை மணி நேரம் ஆகிறது, ஒரே ஒரு செடியின் அடியில் நாலு நிமிடம். ராத்திரி அந்தப் பக்கம் யார் யார் வந்தார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறான். முன்பு கயிற்றை இழுப்பேன், "வா வா" என்பேன். இப்போது நான் பாட்டுக்கு நிற்கிறேன். வீட்டில் வேலை கிடக்கும், கிடக்கட்டும்.

துண்டுப் பழக்கம் மூன்று வாரத்தில் பிடிபடும். பாதத்தில் தாடை திரும்பி வர அதற்கும் மேல் ஆகலாம். வரும்வரை நீங்கள் தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். கூப்பிடாதீர்கள், கையும் நீட்டாதீர்கள்.

கேள்வி: நான் எங்கள் நாயிடம் நாள் முழுக்கப் பேசுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். அதற்குப் புரியுமா, சொல்லுங்கள்.

பதில்: ஹங்கேரியில் 2016-இல் 13 வீட்டு நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பேசிக் காட்டினார்கள். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னபோதுதான் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி விழித்தது. நல்ல சொல்லை உப்புச் சப்பில்லாமல் சொன்னாலும், அர்த்தமில்லாத சொல்லைக் கொஞ்சிச் சொன்னாலும் அது விழிக்கவில்லை. சொல்லையும் குரலையும் இரண்டையும் எடை போடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாயும் சேயும் பார்த்துக்கொள்ளும்போது சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை. கேலி செய்பவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசினால் கேலி குறையலாம்.

கேள்வி: எனக்கு 67 வயது. மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. துணைக்கு ஒரு குட்டி நாய் வாங்கலாம் என்றால் பிள்ளைகள், "உங்கள் மாத்திரையையே மறக்கிறீர்கள், அதற்கு யார் கொடுப்பது" என்கிறார்கள்.

பதில்: ஐயா, பிள்ளைகள் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, முழு நியாயமும் இல்லை. குட்டி வேண்டாம். ராத்திரியில் நாலு தடவை எழுப்பும், செருப்பைக் கடிக்கும், காலை இடறிவிடும். சிறிய இனங்கள் 15 வருடம்வரை இருக்கும், அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். காப்பகங்களில் ஐந்தாறு வயது நாய்கள் இருக்கும். ஆட்டம் அடங்கி, குணம் தெரிந்த நாய்களாகப் பார்த்து எடுக்கலாம். குட்டி கேட்டுத்தான் எல்லோரும் வருவார்கள், இவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை போய் அதோடு நடந்து பாருங்கள். கயிற்றைப் பலமாக இழுப்பது உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துவிட்டு அழைத்து வாருங்கள். மாத்திரை விஷயத்துக்கு, கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி இரண்டு வாங்குங்கள், நிறம் வேறு வேறாக. நாயின் பெட்டியும் உங்கள் பெட்டியும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. நாயின் மருந்தைத் தானே போட்டுக்கொண்டு என்னிடம் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பூச்சி மாத்திரை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாய்க்குப் போயிருப்பது அவருடைய பிரஷர் மாத்திரையாக இருக்குமோ என்று அன்று முழுக்க நாங்கள் அதைக் கண்காணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.